மஞ்சள் முகத்துக்கு ஒரு பெயர்: கொர்கோனா தீவுப் பூச்சி பற்றிய நிகழ்வு ஆய்வு

பசிபிக் கடலில், கொலம்பியாவின் கரையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கிறது கொர்கோனா தீவு. நீளம் 9 கிலோமீட்டர், அகலம் இரண்டரை. 1527-ல் பிரான்சிஸ்கோ பிசாரோவும் கூட மிஞ்சியிருந்த சில ஆட்களும் அடுத்த கப்பல் வரும்வரை மாதக்கணக்கில் இங்கே காத்துக் கிடந்தார்கள். எங்கே பார்த்தாலும் பாம்பு. தலைமுடிக்குப் பதிலாகப் பாம்பு முளைத்த கிரேக்கக் கதைப் பெண்ணின் பெயரே தீவுக்கு நிலைத்துவிட்டது. 1960 வாக்கில் கொலம்பிய அரசு இங்கே ஒரு சிறைச்சாலை திறந்தது. 1984-ல் அதை மூடினார்கள். தீவு தேசியப் பூங்கா ஆனது. இன்று சிறைச் சுவர்களின்மேல் காடு ஏறி உட்கார்ந்திருக்கிறது.

கால் நூற்றாண்டு அங்கே அடைபட்டுக் கிடந்தவர்கள் ராத்திரி நேரத்தில் தவளைச் சத்தத்தைக் கேட்டிருப்பார்கள், மழையைக் கேட்டிருப்பார்கள், கடலைக் கேட்டிருப்பார்கள். சுவருக்கு அந்தப் பக்கம், ஓர் இலையின்மேல் உட்கார்ந்து ஓர் ஆண் பூச்சி தன் துணையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்ததை மட்டும் கேட்டிருக்க முடியாது. அது கூப்பிடுவது 23 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில். மனிதக் காது எட்டுவது 20 வரைக்கும்தான். நரை விழுந்தால் அதுவும் இல்லை. காதில் விழாத பூச்சிக்கு யார் பெயர் வைப்பார்கள்? 2010 வரை அதற்குப் பெயர் இல்லை.

புதிய பூச்சிக்குப் பெயர் வைப்பது தாலுகா ஆபீஸில் பட்டா மாற்றுவது மாதிரி ஒரு எழுத்து வேலை என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். அளவு எடு, படம் வரை, லத்தீனில் ஒரு பெயரைப் போடு, முடிந்தது. இந்தப் பூச்சியின் விஷயத்தில் அந்த எழுத்து வேலையைச் செய்தவர்கள் கூடவே ஒரு காரியம் செய்தார்கள். பூச்சியின் சத்தத்தையும் அதன் உடம்பின் ஓர் உறுப்பு மாதிரி அளந்து எழுதினார்கள். அதற்குப் பின்னால் வந்ததெல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

தமிழில் இதை என்னவென்று சொல்வது?

முதலில் நம் பக்கத்துச் சிக்கலைத் தீர்த்துக்கொள்வோம். மழை விட்ட ராத்திரியில் டியூப்லைட் வெளிச்சத்துக்குப் பச்சைப் பசேல் என்று ஒரு பூச்சி வந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். இறக்கை இலை மாதிரி இருக்கும். நரம்புகூட இலை நரம்புதான். ஊரில் பச்சை வெட்டுக்கிளி என்போம், சிலர் தத்துக்கிளி என்பார்கள். ஆனால் வயலில் தாவும் வெட்டுக்கிளிக்கும் இதற்கும் உறவு தூரம். வெட்டுக்கிளியின் உணர்கொம்பு குட்டை. இதன் உணர்கொம்பு உடம்பைவிட நீளம், தலைமயிர் மாதிரி மெலிசு. வெட்டுக்கிளிக்குக் காது வயிற்றின் பக்கவாட்டில்; இதற்கு முன்னங்காலில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே. வீட்டு மூலையில் கத்தும் சுவர்க்கோழிதான் இதற்கு நெருங்கின சொந்தம். பெண் பூச்சியின் வால்பக்கம் கத்தி மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். கொடுக்கு என்று பயப்பட வேண்டாம், முட்டையைச் செருகி வைக்கும் குழாய் அது.

ஆங்கிலம் பேசுகிற இடங்களிலும் ஒரே பெயர் இல்லை. இங்கிலாந்தில் புதரை வைத்துப் பெயர் சொல்கிறார்கள். அமெரிக்காவில், தங்கள் ஊர் இனம் ஒன்று எழுப்பும் மூன்றசைச் சத்தத்தை வைத்து ‘கேட்டிடிட்’ என்கிறார்கள். நான் இங்கே புதர்வெட்டுக்கிளி என்றே எழுதுகிறேன். வெட்டுக்கிளி இல்லை என்று இப்போதுதான் சொன்னேன் என்பது தெரியும்; இருந்தாலும் வாயில் வருகிற சொல் அதுதான். உலகம் முழுவதும் இந்தக் குடும்பத்தில் பெயர் வைக்கப்பட்டவை மட்டும் 8,000-க்கு மேல். வெப்ப மண்டலக் காடுகளில்தான் கூட்டம் அதிகம், பெயர் இல்லாதவையும் அங்கேதான்.

கொர்கோனாவின் பூச்சி, கோபிஃபோரா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. நெற்றியிலிருந்து கூம்பு மாதிரி ஒரு கொம்பு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். கோஸ்ட்டா ரிக்காவில் இருக்கும் உறவுக்காரப் பூச்சிக்குக் காண்டாமிருகத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். கொர்கோனாக்காரனின் உடம்பு பச்சை, முகம் மட்டும் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறம். நேருக்கு நேர் எடுத்த படத்தைப் பார்த்தால் திருவிழாவுக்கு மஞ்சள் பூசிக்கொண்டு வந்தவர் மாதிரிதான் இருக்கிறது.

புதியது என்று எப்படித் தெரியும்?

பூச்சி கிடைத்த அன்றைக்கு அது புதிய இனம் ஆகிவிடாது. இதைச் செய்தித்தாள்கள் பெரும்பாலும் தவறாகத்தான் எழுதுகின்றன. ‘கண்டுபிடிப்பு’ என்று தலைப்பு போடும் நாளுக்கும் பூச்சி வலையில் விழுந்த நாளுக்கும் நடுவில் பல வருடங்கள்கூட இருக்கலாம். அந்த இடைவெளியில் நடப்பதுதான் வேலை. அதே பேரினத்தில் ஏற்கெனவே பெயர் பெற்ற ஒவ்வொன்றையும் எடுத்து வைத்து ஒப்பிட வேண்டும். அதற்கு 19-ம் நூற்றாண்டில் யாரோ நாலு வரி லத்தீனில் எழுதிவிட்டுப் போன விவரிப்பைப் படிக்க வேண்டும். அதுவும் போதாமல், அந்த நாலு வரிக்கு ஆதாரமாக ஏதோ ஓர் ஐரோப்பிய அருங்காட்சியகத்தின் இழுப்பறையில் ஊசியில் குத்தி நிற்கும், வெளிறிப்போன பூச்சியைத் தேடிப் போக வேண்டும்.

புதர்வெட்டுக்கிளியில் எதை ஒப்பிடுவது? நிறத்தை நம்ப முடியாது. உயிரோடு இருக்கும்போது பச்சையாக இருப்பது, காய்ந்தால் வைக்கோல் நிறம். அதனால்தான் பூச்சி சாவதற்கு முன்பே படம் எடுத்துவிடுவார்கள். உருவ அளவும் ஓரளவுக்குத்தான் உதவும். ஆண் பூச்சியின் வால்முனையில் இருக்கும் இரண்டு சின்னக் கொக்கிகள், இணை சேரும் உறுப்பின் கடினமான பாகங்கள், பெண்ணின் முட்டைக்குழாயின் வளைவு, நெற்றிக் கொம்பின் வடிவம், தொடையின் அடிப்பக்க முட்கள் - நம்பிக்கையான அடையாளங்கள் இவைதான். ஒரு பின்னங்காலை மட்டும் எடுத்து ஆல்கஹாலில் போட்டு வைப்பார்கள், பின்னால் மரபணு பார்க்க.

கடைசியில் ஒரே ஒரு பூச்சியைத் தேர்ந்தெடுத்து ஹோலோடைப் என்று குறிக்க வேண்டும். அந்த இனத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் ஒற்றை உடல் அது. நாளைக்கு யாராவது ‘இரண்டு இனத்தைச் சேர்த்துக் குழப்பிவிட்டீர்கள்’ என்று சண்டைக்கு வந்தால், பெயர் எந்தப் பக்கம் போகும் என்பதை அந்த உடல்தான் தீர்மானிக்கும். விலங்குப் பெயர்களுக்கான சர்வதேச விதித்தொகுப்பின்படி, 2000-ம் ஆண்டு தொடங்கி இப்படி மாதிரியைக் குறிக்காமல் வைக்கும் இனப்பெயர் செல்லாது. எழுதிய பெயரைவிட ஊசியில் நிற்கும் பூச்சிக்கு மதிப்பு அதிகம் என்பது எனக்குப் பிடித்த ஏற்பாடு.

கொர்கோனா பூச்சியை இப்படி விவரித்தவர்கள் ஃபெர்னாந்தோ மோந்தியலெக்ரேவும் பாஸ்டில்ஸும். கட்டுரை 2010-ல் வந்தது. மோந்தியலெக்ரே கொலம்பியாக்காரர். கனடாவில் கிளென் மோரிஸிடம் பூச்சிகளின் பாட்டை ஆராய்ந்துவிட்டு, பிரிட்டனில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் டேனியல் ராபர்ட்டோடு வேலை செய்தவர். அதாவது வகைப்பாட்டுக்காரர் பாதி, ஒலி இயற்பியல்காரர் பாதி. பெயர் கோபிஃபோரா கொர்கோனென்சிஸ். ‘என்சிஸ்’ என்றால் அந்த இடத்தைச் சேர்ந்தது என்று பொருள். தீவுக்கே உரிய இனம் என்று கட்டுரைத் தலைப்பிலேயே எழுதியிருந்தார்கள். பெயரிலிருக்கும் ஊர் முகவரி ஒன்றும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நாளைக்கே இந்தப் பூச்சி வேறு கரையில் கிடைத்தாலும் பெயர் மாறாது.

பல் எண்ணும் வேலை

இனி சத்தத்துக்கு வருகிறேன். புதர்வெட்டுக்கிளியின் ஆண் முன்னிறக்கைகள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து வைத்திருக்கும். எப்போதும் இடது மேலே, வலது கீழே. (சுவர்க்கோழியில் பெரும்பாலும் இது தலைகீழ். இரண்டையும் பிரிக்க ஓர் எளிய அடையாளம்.) இடது இறக்கையின் அடிப்பாகத்தில் ஒரு நரம்பு தடித்து, அதன்மேல் வரிசையாகப் பற்கள். அரம் மாதிரி. வலது இறக்கையின் ஓரத்தில் நகம் மாதிரி ஒரு விளிம்பு. இறக்கையை மூடும்போது விளிம்பு பற்களின்மேல் ஓடும். பக்கத்திலேயே வலது இறக்கையில் நரம்பே இல்லாத ஒரு வட்டமான சவ்வு இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் செல்லோபேன் தாள் மாதிரி பளபளக்கும், ‘கண்ணாடி’ என்றே அதற்குப் பெயர். பறையின் தோல் அதுதான். இடது இறக்கை குச்சி.

சீப்பின் பற்களை நகத்தால் கீறிப் பாருங்கள். மெதுவாகக் கீறினால் ‘டக் டக்’ என்று கேட்கும், வேகமாகக் கீறினால் ‘ர்ர்ர்’ என்று சுருதி ஏறும். கொர்கோனென்சிஸ் எழுப்புவது இரைச்சல் இல்லை, ஒற்றைச் சுருதி. ஒற்றைச் சுருதி வர வேண்டுமானால், ஒவ்வொரு பல்லின் தட்டும் சவ்வின் ஒவ்வோர் அசைவோடு தாளம் தப்பாமல் பொருந்த வேண்டும். ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளுவது மாதிரி. 23 கிலோஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 23,000 பல் தட்டும் வேகம்! ஒரு கூப்பாடு ஒரு நொடியின் சிறு துளிக்குத்தான் நீடிக்கும் என்பதால் அத்தனை பல் தேவைப்படாது. ஆனால் வேகம் அந்த வேகம். தாளம் கொஞ்சம் பிசகினாலும் சுத்தமான சுருதி கிடைக்காது.

இதை ஒலிப்பதிவு செய்யப் போனால் ஒரு வேடிக்கை. சி.டி.க்கான வழக்கமான பதிவு நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும். அதில் பாதிவரைக்கும்தான், அதாவது 22 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும்தான், சுருதி பதிவாகும். பூச்சி கத்துவது 23-ல். இசைத்தட்டின் எல்லைக்கு ஒரே ஒரு படி வெளியே நின்று கத்துகிறது. வெளவால் ஆய்வுக்கு வைத்திருக்கும் கருவிகள், ஆய்வகத்துச் சின்ன மைக்குகள் என்று போனால்தான் பிடிபடும். கூடவே வெப்பநிலையையும் குறிக்க வேண்டும். குளிர்ந்தால் பூச்சியின் தசை மந்தமாகும், பாட்டும் மாறும்.

ஆகவே 2010-ன் கட்டுரையில் கொம்பு, கால், கொக்கி அளவுகளோடு சுருதியின் வரைபடமும், இறக்கை எந்த அதிர்வெண்ணில் ஒத்ததிர்கிறது என்று லேசரால் அளந்த கணக்கும் இருந்தன. விதித்தொகுப்பு இதைக் கேட்பதே இல்லை. பாட்டு இல்லாமல் பெயர் வைத்தாலும் பெயர் செல்லும். பழைய இனங்களில் பெரும்பாலானவை அப்படி வந்தவைதான். இழுப்பறைப் பூச்சி பாடாதே.

அதற்காக விதியை மாற்றி, பாட்டைக் கட்டாயமாக்கு என்று நான் சொல்ல மாட்டேன். செத்த இறக்கையும் கொஞ்சம் பேசும். 2012-ல் சீன ஆய்வாளர்களோடு சேர்ந்து இதே மோந்தியலெக்ரே ஒரு புதைபடிவத்தை விவரித்தார். ஏறத்தாழ 165 மில்லியன் ஆண்டு பழைய ஜுராசிக் காலப் பூச்சி, ஆர்க்கபாய்லஸ் மியூசிகஸ் என்று பெயர். கல்லில் பதிந்த இறக்கையில் அரம் அப்படியே இருந்தது. பல்லின் இடைவெளி, இறக்கையின் அளவு இவற்றை வைத்து அது 6.4 கிலோஹெர்ட்ஸில் பாடியிருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். அதுவும் ஒற்றைச் சுருதி. டைனோசர் காதிலும் விழுந்திருக்கும்.

பாட்டு ஒன்றே ஆதாரம் ஆகிற இடமும் உண்டு, அது நமக்குப் பக்கத்தில். தென்னிந்தியாவின் மெக்கோபோடா பேரினப் புதர்வெட்டுக்கிளிகளைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ரோகிணி பாலகிருஷ்ணனும் நித்யானந்தாவும் ஆராய்ந்து 2006-ல் எழுதினார்கள். பிடித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே அச்சு. வெளித்தோற்றத்தில் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. பாட்டு மட்டும் ஐந்து வகை. ஒன்றுக்கு ரயில், ஒன்றுக்கு ஹெலிகாப்டர் என்று அவர்களே பெயர் கொடுத்தார்கள். ஊசியில் குத்தி வைத்தால் ஒரு பூச்சி, இருட்டில் கேட்டால் ஐந்து! உடம்பை மட்டும் பார்த்து எழுதும் விவரிப்பு இங்கே காலை வாரிவிடும்.

பேசுகிறவன் காதையும் பார்

23-ல் பாடுகிறது என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி தானாக வரும். பெண் அதை எப்படிக் கேட்கிறது? ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத காதில் சுருதியை எப்படிப் பிரிக்கிறது?

நம் காதில் மூன்று கட்டம். செவிப்பறை காற்றின் அதிர்வை வாங்குகிறது. உள்ளே மூன்று சின்ன எலும்புகள் நெம்புகோல் மாதிரி வேலை செய்து, அதைத் திரவத்துக்குள் அனுப்புகின்றன. கடைசியில் நத்தை ஓடு மாதிரி சுருண்ட காக்ளியாவில், அதிர்வு அலையாக ஓடி, ஒவ்வொரு சுருதியும் தனக்கான இடத்தில் தங்குகிறது. நடுக்கட்டம் இல்லாவிட்டால் காதே வீண். காற்றின் அதிர்வு திரவத்தின்மேல் பட்டால் பெரும்பங்கு திரும்பிப் போய்விடும். குளத்தில் முங்கியிருக்கும்போது கரையில் நின்று கூப்பிடுகிறவர் குரல் கேட்காமல் போவது அதனால்தான்.

2012 நவம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் மோந்தியலெக்ரே, யோன்சன், ராப்சன் பிரவுன், பாஸ்டில்ஸ், ராபர்ட் ஐவரும் எழுதிய கட்டுரை வந்தது. கோபிஃபோரா கொர்கோனென்சிஸின் முன்னங்காலில் இந்த மூன்று கட்டமும் இருக்கிறது என்றார்கள். மெல்லிய செவிப்பறையோடு ஒட்டி ஒரு தடித்த தகடு. பறை ஒரு பக்கம் அசைந்தால் தகடு எதிர்ப்பக்கம் அசைகிறது, ஏற்றம் இறைக்கும் மரம் மாதிரி. தகடு தள்ளுவது திரவம் நிறைந்த ஒரு நீளப் பையை. பைக்குள் உணர்செல்கள் வரிசையாக நிற்கின்றன, சில டஜன் மட்டும். நம் காக்ளியாவில் உள்வரிசைச் செல்கள் மட்டுமே சுமார் 3,500. பாதம் இருக்கும் பக்கம் உயர்ந்த சுருதி, முழங்கால் பக்கம் தாழ்ந்த சுருதி. அலை அந்தத் திசையில் ஓடுகிறது. சுருட்டாத காக்ளியா என்று வைத்துக்கொள்ளலாம்.

பூச்சிக்கும் நமக்கும் பொதுவான மூதாதைக்கு இப்படி ஒரு காது இருந்திருக்க வழியில்லை. இரண்டு பக்கமும் தனித்தனியாக ஒரே விடைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அதே 2012-ல் ஜெர்மனியில் மற்றொரு குழு, பாட்டு ஐந்து என்று மேலே சொன்ன அதே மெக்கோபோடா பேரினத்தின் காதிலும் ஓடும் அலையைக் கண்டது. ஆகவே இது கொர்கோனா தீவின் தனிச் சொத்து இல்லை.

அந்தப் பையை முன்பு யாரும் கவனிக்காததற்குக் காரணம் ரொம்பச் சாதாரணம். திரவம் அழுத்தத்தில் இருக்கிறது. காலைக் கத்தியால் வெட்டியதும் பீறிட்டுப் போய்விடும், அப்புறம் அங்கே பை இருந்ததற்குத் தடயமே இருக்காது. வெட்டாமல் உள்ளே பார்க்கும் எக்ஸ்ரே முப்பரிமாணப் படமும், உயிரோடு இருக்கும் பூச்சியின் பறை அசைவை அளக்கும் லேசரும் சேர்ந்த பிறகுதான் அது பிடிபட்டது. இந்த இனத்தின் காலில் மேல்தோல் கண்ணாடி மாதிரி ஒளியை விடுவது ஒரு வசதி.

இன்னொன்று. இந்தக் காதுக்குச் சத்தம் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. மார்பின் பக்கவாட்டில் ஒரு சுவாசத்துளை இருக்கிறது. அங்கிருந்து ஒரு குழல், நாதஸ்வரத்தைத் திருப்பிப் பிடித்த மாதிரி அகலத்தில் ஆரம்பித்து ஒடுங்கிக்கொண்டே காலுக்குள் இறங்கி, பறையின் உட்பக்கத்தைத் தொடுகிறது. மூச்சுக் குழல்தான் காதுக் குழல். ஒடுங்கிய குழலில் ஒலி வெளிக்காற்றைவிட மெதுவாகப் போகும். ஒரு காதில் பறை இரண்டு; குழல் முடியும் இடத்தில் இரண்டாகப் பிரிந்து பறைக்கு ஒன்றாகப் போகிறது. 2021-ல் இதையும் அளந்து முடித்தார்கள்: ஒவ்வொரு பறைக்கும் வெளியே ஒன்று, உள்ளே ஒன்று, ஆக ஒரு காதுக்கு நான்கு வழி. நமக்கு ஒன்றுதான். பூச்சியின் தலை இவ்வளவு சிறிசு, இரண்டு காதுக்கும் நடுவில் ஒலி எடுத்துக்கொள்ளும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. இருந்தும் கூப்பிட்ட திசைக்குச் சரியாக நடந்து போகிறது என்றால், உள்ளே தாமதமாக வரும் சத்தத்தையும் வெளியே வரும் சத்தத்தையும் பறையிலேயே மோதவிட்டுப் பார்ப்பதுதான் சூட்சுமம்.

பெயரில்லாத சாதனையாளர்

இந்த இடத்தில் பெயரின் அருமை புரிகிற ஒரு கதையும் சேர வேண்டும். 2006-ல் மோந்தியலெக்ரே, மோரிஸ், மேசன் மூவரும் தென் அமெரிக்கக் காட்டின் ஒரு சின்னப் புதர்வெட்டுக்கிளி 129 கிலோஹெர்ட்ஸில் பாடுவதை அறிவித்தார்கள். கணுக்காலிகளிலேயே அதுவரை பதிவான உச்சம். இறக்கையோ மெதுவாகத்தான் அசைகிறது. நகம் மாதிரியான விளிம்பு ஒரு பல்லில் மாட்டி வளைந்து, வில் மாதிரி விடுபட்டுத் தெறிக்கிறது. அந்தத் தெறிப்பில்தான் அவ்வளவு வேகம். அருமையான வேலை. ஆனால் கட்டுரை ‘விவரிக்கப்படாத ஓர் இனம்’ என்றே பூச்சியைக் குறிப்பிட்டது. சாதனை இருக்கிறது, செய்தவருக்குப் பெயர் இல்லை. வேறொருவர் வேறொரு காட்டில் ஒரு பூச்சியைப் பிடித்து ‘அதுதானா இது?’ என்று கேட்டால், எதோடு வைத்துப் பார்ப்பது?

2014-ல் அந்தக் குறை வராமல் பார்த்துக்கொண்டார்கள். ‘பிளாஸ் ஒன்’ இதழில் சாரியா, மோரிஸ், விண்ட்மில், ஜாக்சன், மோந்தியலெக்ரே சேர்ந்து கொலம்பியா, ஈக்வடார் காடுகளிலிருந்து ஒரு புதிய பேரினத்தையே விவரித்தார்கள். சூப்பர்சோனஸ். மூன்று இனம், 115, 125, 150 கிலோஹெர்ட்ஸ். உச்சமான 150-ல் பாடுவது கொர்கோனா தீவின் சூப்பர்சோனஸ் ஏக்வோரியஸ். கடலுக்குரியது என்று பொருள். மறுபடியும் அதே தீவு! மூன்றுமே 15 சென்டிமீட்டர் தூரத்தில் 110 டெசிபலுக்கு மேல். மனிதக் காதுக்கு எட்டியிருந்தால் பக்கத்தில் நிற்க முடியாது.

இவ்வளவு சத்தம் போடும் இறக்கையின் பரப்பு அரை சதுர மில்லிமீட்டர்கூட இல்லை. வலது இறக்கை குழிந்து, முதுகோடு சேர்ந்து ஒரு மூடின அறை ஆகிவிடுகிறது. குடத்தின் வாயில் தோலைக் கட்டினது மாதிரி, அறையும் சவ்வும் சேர்ந்து முழங்குகின்றன. 150 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் இரண்டேகால் மில்லிமீட்டர். அந்த அலைக்கு ஏற்ற கருவி அந்த அளவில்தான் இருக்கும். இறக்கை குறுகிக் குறுகிக் கடைசியில் பறக்க உதவாமல் வாத்தியமாக மட்டும் மிஞ்சிவிட்டது.

காதின் மடிப்பு

இவ்வளவு உயரத்தில் ஏன் பாட வேண்டும், ஏன் கொஞ்சமாகப் பாட வேண்டும் என்ற கேள்விக்கு எல்லோரும் வெளவாலைக் காட்டுவார்கள். சும்மா சொல்வதில்லை. பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் பெல்வுட், மோரிஸ் இருவரும் 1987-ல் எழுதிய கட்டுரை இதற்கு அடித்தளம். பாடும் பூச்சியை வலைக்குப் பக்கத்தில் வைத்தால், இலைமேல் இருக்கும் இரையைக் கவ்வும் வெளவால்கள் அந்த வலைக்கு அதிகம் வந்தன. பாட்டு பெண்ணுக்கு மட்டும் போய்ச் சேருவதில்லை. காண்டாமிருகப் பெயர் கொண்ட கோபிஃபோரா, குரல் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டு, உட்கார்ந்திருக்கும் செடியை உடம்பால் குலுக்கி அதிர்வில் சேதி சொல்கிறது. செடியின் அதிர்வு வெளவாலுக்குக் கேட்காது.

கொர்கோனென்சிஸ் என்ன செய்கிறது? புதர்வெட்டுக்கிளிகளை விவரிக்கும் எந்தப் பழைய கட்டுரையை எடுத்தாலும் முன்னங்காலைப் பற்றி ஒரு வரி இருக்கும். ‘செவிப்பறை திறந்தது’ அல்லது ‘செவிப்பறை பிளவு போன்றது’. பறையின்மேல் இரண்டு பக்கமும் தோல் மடிந்து மூடி, நடுவில் கீற்று மட்டும் விட்டிருந்தால் பிளவு. இனங்களைப் பிரிக்கும் அட்டவணையில் அது ஒரு வசதியான அடையாளம், அவ்வளவுதான். எதற்காக அந்த மடிப்பு என்று அந்த வரியை எழுதியவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை; அது அவர்கள் வேலையும் இல்லை.

2022-ல் ‘ஈலைஃப்’ இதழில் வந்த ஆய்வு அந்த வரியைத்தான் எடுத்துக்கொண்டது. பூச்சியின் காதை முப்பரிமாணத்தில் படம் எடுத்துக் கணினியில் ஒலியை விட்டுப் பார்த்தார்கள். உயிருள்ள பூச்சியின் மடிப்புக்குள் இருக்கும் வெற்றிடம் எந்த ஒலிக்கு முழங்குகிறது என்று அளந்தார்கள். ஆண் பாடும் 23-க்கு மடிப்பால் எந்த உதவியும் இல்லை. 60 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே போனதும் மடிப்புக்குள் ஒலியின் அழுத்தம் 20 முதல் 30 டெசிபல் கூடியது, அதாவது பத்திலிருந்து முப்பது மடங்கு. அந்தக் காட்டில் இலைமேல் இருக்கும் பூச்சியைத் தேடி வரும் வெளவால்கள் ஒலி எழுப்புவது அந்த எல்லையில்தான். அவை மெதுவாகக் கிசுகிசுத்துக்கொண்டு வருகிற வெளவால்கள். கிசுகிசுப்பைப் பெருக்கிக் காட்ட ஒரு கைக்குவிப்பு வேண்டும். தாத்தா காதுக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ‘என்னப்பா சொன்னே?’ என்று கேட்பாரே, அந்தக் கைதான் கோபிஃபோராவின் முன்னங்காலில், பறைக்கு இரண்டு பக்கமும் இருக்கும் அந்த மடிப்பு.